கதவு கடைசியில்

பட்டாணி ஒரே பள்ளத்தில் பதினேழு தடவை விழுந்ததை எண்ணி வைத்திருக்கிறேன். எண்ணுவதுதான் என் தொழில். விதைப் பரிசோதனைக் கூடத்தில் முளைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஈரக் காகிதத்தின் மேல் நூறு விதைகளைப் பரப்பி, ஏழாம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணி எழுத வேண்டும். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

பட்டாணி என் அக்கா மகள். ஆறு வயது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அத்தான் தொலைதூர லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். நான் அவர்கள் வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கிறேன். மாலை நாலு மணிக்கு மேல் பட்டாணி என் பொறுப்பு.

அத்தானின் பழைய கைபேசியில் ஒரு விளையாட்டு இருந்தது. மஞ்சள் சதுர உடம்பும் இரண்டு குச்சிக் கால்களும் கொண்ட ஒருவன் இடமிருந்து வலமாக ஓடுவான். இடது கட்டைவிரலால் நடக்க வைக்கலாம், வலது கட்டைவிரலால் குதிக்க வைக்கலாம். வழியில் பள்ளம், முள், நகரும் பலகை. கடைசியில் ஒரு பச்சைக் கதவு. கதவைத் தொட்டால் அந்தக் கட்டம் முடிந்து அடுத்த கட்டம் வந்துவிடும். விழுந்தால் மறுபடி தொடக்கத்தில் நிற்பான். எத்தனை தடவை வேண்டுமானாலும் விழலாம். பட்டாணி அவனுக்கு டப்பா என்று பெயர் வைத்திருந்தாள்.

"அவனுக்கு என்ன, செத்துச் செத்துப் பொழைக்கிறான்," என்பார் அத்தான். "நமக்கு ஒரு பிரேக் பிடிக்கலைன்னா அதோட சரி."

அக்காவுக்கு டப்பாவைப் பிடிக்காது. தினம் அரை மணி நேரம்தான் என்று சொல்லி, அடுப்படியில் இருக்கும் மணி அடிக்கும் கடிகாரத்தைப் பட்டாணியின் பக்கத்தில் வைத்துவிடுவாள். "மூளை மழுங்கிடும்டி. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்," என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் கேட்டால் காட்டலாமே என்றுதான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எத்தனை நிமிடம் ஆடினாள், எங்கே விழுந்தாள், எத்தனை முறை.

இரண்டே வாரத்தில் அந்த நோட்டு வேறு காரியத்துக்கு ஆகிவிட்டது.

அந்தப் பதினேழு வீழ்ச்சிகளையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளத்துக்கு நடுவே ஒரு பலகை வந்து வந்து போகும். முதல் ஐந்து தடவை பட்டாணி கண்மண் தெரியாமல் குதித்தாள். ஆறாவது தடவை நின்றாள். டப்பாவைப் பள்ளத்துக்கு முன்னால் இருந்த கல்லின் ஓரத்தில் நிறுத்தி, பலகை வருவதையும் போவதையும் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முறையும் அதே கல்லில், அதே ஓரத்தில் நின்று குதித்தாள். குதிக்கும் நேரத்தை மட்டும் மாற்றினாள். உதடு அசைந்தது. "ஒண்ணு, ரெண்டு, இப்ப." விழுந்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப." விழுந்தான். பதினெட்டாவது தடவை பலகையில் போய் நின்றான். அவள் கத்தவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டு அடுத்த பள்ளத்தைப் பார்த்தாள்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. இதை எனக்குக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பட்டாணிக்கு யாரும் சொல்லவில்லை.

எல்லா நாளும் இப்படி இல்லை. ஒரு நாள் முள்ளில் விழுந்துகொண்டே இருந்தவள் அழுதாள், கைபேசியை எறிந்தாள். எறியும் முன் தலையணை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எறிந்தாள். மணி அடித்ததும் நிறுத்தாமல் அடம் பிடித்த நாள்களும் நோட்டில் இருக்கின்றன. ஒரே ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு எதையும் முடிவு கட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நூறு விதை போட்டால்தான் எங்கள் கூடத்தில் பேச்சே. ஆனாலும் ஐந்து மணி ஆனால் நோட்டோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

எனக்குப் புரியாத பழக்கம் ஒன்று அவளிடம் இருந்தது. கதவு எதிரிலேயே இருக்கும், போய்த் தொட மாட்டாள்.

"அந்தா கதவு. போயேன்டி."

"இரு சித்தி. அந்தப் பக்கப் பள்ளத்தை இன்னும் பாக்கலை."

"பள்ளத்துல என்ன இருக்கப்போகுது? விழுந்து சாவான்."

"எப்படிச் சாவான்னு பாக்கணும்ல." திரும்பி என்னைப் பார்த்தாள், இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல. "கதவைத் தொட்டா இதெல்லாம் போயிரும். அப்புறம் எப்பப் பாக்கறது? கதவு கடைசியில."

போய் வேண்டுமென்றே விழுந்தாள். திரும்ப முதலிலிருந்து ஓடிவந்து அடுத்த பள்ளத்தில் விழுந்தாள். எல்லாவற்றிலும் விழுந்து பார்த்த பிறகே கதவைத் தொட்டாள். அப்போது அந்தக் கட்டம் முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. காகிதம் கொடுத்தால் பள்ளம், முள், பலகை எல்லாம் வரிசை மாறாமல் வரைவாள்.

வெளியிலும் அவள் அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும் நேரத்தில் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு போடுவாள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாசல் எங்க இருக்குன்னு தெரியாதா உனக்கு?" என்று தரதரவென்று இழுத்துப் போவாள்.

பள்ளியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். வகுப்பு ஆசிரியை நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் சொன்னார். பட்டாணி வகுப்பில் பேசுவதில்லை. கேள்வி கேட்டால் உடனே பதில் வருவதில்லை. இன்னொரு வருடம் இதே வகுப்பில் இருப்பது நல்லதோ என்று தோன்றுகிறது. குழந்தை வளர்ச்சி மையத்தில் ஒரு மதிப்பீடு செய்து அறிக்கை வாங்கி வாருங்கள். அதை வைத்து முடிவு செய்யலாம்.

பட்டாணி பள்ளியில் வாயைத் திறந்து பேசுவது ஒரே ஒருத்தியிடம். பக்கத்தில் உட்காரும் பெண், சிவப்பு ரிப்பன் கட்டுபவள். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பட்டாணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் மேல் வகுப்புக்குப் போகலைன்னா ரிப்பன் யாரோட உக்காருவா?"

அக்கா எழுந்து போய்த் துணி மடித்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

மையம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. நீண்ட நடை, இருபுறமும் கதவுகள், தரையில் பினாயில் வாசனை. பட்டாணி முதல் அறையை எட்டிப் பார்க்கப் போனாள். அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். குழந்தையோடு ஒரு பெரியவர் உள்ளே இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள்.

"நீ போ," என்றாள் அக்கா. "என்னால முடியாது. உனக்குத்தான் பேசாம இருக்க நல்லாத் தெரியும்."

மதிப்பீடு செய்யும் அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கட்டை அடுக்குவது, கதை கேட்பது எல்லாம் முடிந்து, கடைசியாக மேசைமேல் ஒரு பலகைக் கணினியை வைத்தார். மேலே பாதி முடிந்த ஒரு வடிவம். கீழே நாலு படங்கள். அந்த வடிவத்தை நிறைவு செய்யும் படத்தைத் தொட வேண்டும். இருபது கேள்விகள்.

"சரியான படத்தைத் தொடும்மா," என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி.

நான் பின்னால் சுவரோரம் இருந்தேன். பட்டாணியின் முதுகுதான் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்டது. முதல் கேள்விக்கு "டிங்" என்றது. எனக்கு உயிர் வந்தது. அடுத்ததற்கு "டொக், டொக், டொக், டிங்". அதற்கடுத்ததும் "டொக், டொக், டொக், டிங்". டொக் என்றால் தப்பு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பழக்க தோஷம், விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று டொக், ஒரு டிங். மூன்று டொக், ஒரு டிங். கடைசி இரண்டு கேள்விக்கு மட்டும் ஒரு டொக், ஒரு டிங்.

பட்டாணியை மூலையில் வண்ணப் பென்சிலோடு உட்காரவைத்துவிட்டு, அக்காவை உள்ளே அழைத்தார் அந்த அம்மாள்.

"மத்ததெல்லாம் பரவாயில்லை. கொஞ்சம் மெதுவா செய்யறா, அவ்வளவுதான். ஆனா இந்தப் பகுதியில..." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இருபதுக்கு ஒண்ணு. முதல்ல எதைத் தொடறாங்களோ அதுதான் கணக்கு. அறிக்கையில இதுக்குத்தான் அதிக மதிப்பு."

அக்காவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எக்ஸ்ரே அறையில் பழகிய முகம். எலும்பு முறிந்திருப்பது தெரிந்தாலும் நோயாளியிடம் காட்டிக்கொள்ளக் கூடாது. கை மட்டும் பையின் வாரைப் பிசைந்துகொண்டிருந்தது.

"வீட்டுல ஸ்க்ரீன் பாப்பாளா?"

"ஒரு கேம் ஆடுவா மேடம். குதிக்கிற கேம். இன்னியோட அது குப்பைத் தொட்டிக்கு." என் பக்கம் திரும்பினாள். "அப்பவே சொன்னேன்ல?"

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. கல்லூரியில் மூன்று வருடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை நான். இங்கே என்ன பேசுவது? ஆனால் அந்த ஒன்று என்ற எண் உறுத்தியது. எதுவுமே புரியாத குழந்தை, நாலு படத்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட இருபதில் நாலைந்து சரியாக வரும். பட்டாணிக்கு ஒன்று. எதுவும் தெரியாதவளைவிடக் குறைவு. இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்ய ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினேன்.

"மேடம், தொட்ட வரிசை அதுல பதிவாகுமா?"

"ஆகும். ஆனா அதை நாங்க பாக்கறதில்லை."

"ஒரே ஒரு தடவை பாக்கலாமா?"

"நீ சும்மா இருடி," என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு மூன்று இடத்தில் தட்டித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

கேள்வி ஒன்று: நேராகச் சரி. இரண்டிலிருந்து பதினெட்டு வரை, ஒவ்வொன்றிலும் மூன்று தப்புகளும் இடமிருந்து வலமாக, ஒன்றும் விட்டுப்போகாமல். பிறகு சரியானது. ஒரு தடவைகூடச் சரியான படத்தை நடுவில் தொடவில்லை. அது முதலில் இருந்தால் தாண்டிப் போயிருந்தாள், இரண்டாவதாக இருந்தாலும் தாண்டிப் போயிருந்தாள்.

"இதுல என்ன?" என்றார் அந்த அம்மாள்.

"மேடம், நான் விதைப் பரிசோதனையில இருக்கேன். ஏழாம் நாள் முளைக்காத விதையை நாங்க ஒரே கட்டத்துல எழுத மாட்டோம். செத்த விதை தனி. தோல் தடிச்சுத் தண்ணி குடிக்காத விதை தனி. உயிரோட இருந்தும் இன்னும் முளைக்காத விதை தனி. எல்லாம் முளைக்கலைதான். ஆனா எல்லாம் ஒரே மாதிரி இல்லை." மூச்சு வாங்கினேன். "சரியானது எதுன்னு தெரியாம, அதைத் தொடாமத் தாண்டிப் போக முடியுமா? அதுவும் பதினேழு தடவை?"

அந்த அம்மாள் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனார். கீழே வந்ததும் மறுபடி மேலே போனார்.

"கடைசி ரெண்டு?"

"அது அவளுக்குத் தெரியலை மேடம். தப்புன்னு நினைச்சுச் சரியானதைத் தொட்டுட்டா."

அவர் லேசாகச் சிரித்தார். நாற்காலியைத் திருப்பினார். "பட்டாணி, இங்க வாம்மா. இதை ஏன் கடைசியில தொட்டே?"

பட்டாணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"முதல் தடவை தெரியாம முதல்லயே தொட்டுட்டேன்," என்றாள் மெதுவாக, குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. "படமெல்லாம் போயிருச்சு. மத்தது என்ன பண்ணும்னு பாக்கவே இல்லை. அதான் அப்புறம் கதவைக் கடைசியில வெச்சுக்கிட்டேன்."

"எந்தக் கதவு?"

"இதான்." சரியான படத்தின் மேல் விரலை வைத்தாள்.

அக்கா பையை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

"எழுதின மார்க்கை என்னால மாத்த முடியாது," என்றார் அந்த அம்மாள். அலமாரியிலிருந்து தடித்த கையேடு ஒன்றை எடுத்துப் பின்பக்கங்களைப் புரட்டினார். "ஆனா குழந்தை விதியை வேற மாதிரி எடுத்துக்கிட்டா இன்னொரு கேள்வித்தொகுப்பு குடுக்கலாம்னு இருக்கு. இத்தனை வருஷத்துல ரெண்டு தடவைதான் இந்தப் பக்கத்தைத் திறந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய இருக்கணும். சம்மதமா?"

அக்கா தலையாட்டினாள்.

அவர் பட்டாணியிடம் குனிந்தார். "இந்த ஆட்டத்துல கதவை முதல்ல தொடணும்."

"மத்ததெல்லாம்?"

"தொடக் கூடாது."

பட்டாணியின் முகம் விழுந்தது. "அப்ப எப்பப் பாக்கறது?"

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் முடிஞ்சப்புறம் நானே காட்டறேன். ஒவ்வொண்ணா."

"நிஜமா?"

"நிஜமா."

"எல்லாத்தையும்?"

"ஒண்ணு விடாம."

கால் மணி நேரம் கழித்து வெளியே நடையில், கதவில் முதுகைச் சாய்த்து நானும் அக்காவும் நின்றோம். சத்தம் கேட்டது. டிங். சற்று இடைவெளி. டிங். நீண்ட இடைவெளி. எனக்கு அந்த இடைவெளியில் பட்டாணி மூக்கைச் சொறிவது மனக்கண்ணில் தெரிந்தது. டிங். எட்டாவது கேள்வியில் ஒரு டொக். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. டிங். டிங்.

பத்தாவது கேள்வி வந்தபோது அக்காவைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது.

"மூச்சை விடுக்கா," என்றேன்.

விட்டாள். எக்ஸ்ரே அறையில் நாள் முழுவதும் மூச்சை இழுத்துப் பிடி, விடு என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டோம்.

"நிஜமாவே அந்த டப்பாதான் இதெல்லாம் கத்துக்குடுத்துதா?" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியலைக்கா. முதல்லயே இப்படி இருந்திருப்பா. அது இடம் குடுத்துது. விழுந்தா யாரும் திட்டாத இடம்."

அது அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். நான் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை.

இருபதாவது டிங் கேட்டது. மொத்தம் மூன்று கேள்விகளில்தான் டொக் கேட்டிருந்தது. என் விரல்கள் அப்படியே மடங்கியிருந்தன. பதினேழு சரி. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே டொக், டொக், டொக் என்று சரமாரியாகக் கேட்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, என்னடி இது? எல்லாம் தப்பா?"

"இல்லைக்கா, அது கணக்குல இல்லை." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்தம்மா சொன்ன மாதிரியே காட்டறாங்க."

டொக்குகள் முடிய வெகுநேரம் ஆனது. ஒன்றுவிடாமல் காட்டியிருக்க வேண்டும். கதவு திறந்தது. பட்டாணி முன்னால் வந்தாள்.

"எல்லாம் ஒரே டொக்குதான் சித்தி. வேற ஒண்ணுமே இல்லை."

"ஏமாத்தமா இருக்கா?"

"இல்லையே," என்றாள். "இப்பத் தெரியும்ல."

அந்த அம்மாள் அறிக்கையை அக்காவிடம் கொடுத்தார். பதினேழு என்று எழுதியிருந்தது. கீழே, மேல் வகுப்புக்குப் போகலாம் என்ற வரி. அதற்கும் கீழே, கையால், பதில் சொல்ல அவளுக்கு நேரம் கொடுக்கவும் என்று ஆசிரியைக்கு ஒரு குறிப்பு. அக்கா அந்தக் குறிப்பை நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தாள்.

படிக்கட்டு நடையின் அந்தக் கோடியில் இருந்தது. கிளம்பினோம். பட்டாணி இரண்டடி வைத்ததும் நின்று, இடதுபக்கம் பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். இழுக்கப் போகிறாள் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு மணிக்கு வேலை.

"எத்தனை ரூம் இருக்கு?" என்றாள்.

"எட்டு."

"சரி, சீக்கிரம். படிக்கட்டு கடைசியில."

பட்டாணி முதல் அறையை எட்டிப் பார்த்தாள். நாற்காலிகள். இரண்டாவதில் ஒரு துடைப்பமும் வாளியும். மூன்றாவது அறை பூட்டியிருந்தது. கதவின் மேல்பாதியில் இருந்த கண்ணாடி எட்டவில்லை, குதித்துப் பார்த்தாள். அக்கா போய் அவளைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு அவளும் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள்.